47 வயதில் பந்தயக் காரில் ஏறியவர்

(பரிசளிப்பு விழாவில் நிகழ்த்திய உரை. மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டதற்கிணங்க எழுதித் தரப்பட்டது.)



தலைமையாசிரியர் என்னிடம் இரண்டு நிபந்தனை போட்டார். ஒன்று, பிள்ளைகளுக்குப் புரிய வேண்டும். இரண்டு, பெரியவர்கள் தூங்கக் கூடாது. அதனால் திருக்குறளிலே தொடங்காமல் காரிலே தொடங்குகிறேன்.

பிள்ளைகளே, 2006-ஆம் ஆண்டு வந்த ‘கார்ஸ்’ என்ற கார்ட்டூன் படத்தை உங்களில் பலர் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். சிவப்பு நிறக் கார் ஒன்று, துடுக்கான இளவட்டம், தன்னை விட்டால் ஆள் இல்லை என்று ஓடும். அதற்கு மண் பாதையில் வளைவு திரும்பக் கற்றுக்கொடுக்கிற நீல நிறக் கிழட்டுக் கார் ஒன்று வருமே, டாக் ஹட்சன்? அதிகம் பேசாது. பேசினால் கரகரவென்று, அதட்டலும் அன்பும் கலந்து வரும். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் பால் நியூமன். அமெரிக்கர். பெரிய சினிமா நடிகர். ஆனால் அந்தப் படத்தில் அவர் பேசியது நடிப்பு மட்டும் என்று சொல்ல முடியாது. உண்மையிலேயே அவர் வயதான பந்தயக் காரோட்டிதான். 2008 செப்டம்பர் 26-ஆம் நாள், தமது 83-ஆவது வயதில் காலமானார். 2025 ஜனவரியோடு அவர் பிறந்து நூறாண்டு நிறைந்துவிட்டது. அவரைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

“பரிசளிப்பு விழாவில் சினிமா நடிகன் கதையா?” என்று பின் வரிசையில் ஒருவர் முணுமுணுப்பது எனக்குக் கேட்காமல் இல்லை. நடிகரை விட்டுவிடுவோம், ஐயா. அவருடைய சினிமாவைப் பற்றி நான் சொல்லப் போவது மிகக் குறைவு. கார் ஓட்டிய நியூமனைப் பற்றித்தான் பேச்சு.

முதலில், இந்தக் கார் பந்தயம் நமக்கு முற்றிலும் அந்நியமான சங்கதியா என்றால், இல்லை. சிங்கப்பூரில் அப்பர் தம்சன் ரோட்டிலேயே 1961 முதல் 1973 வரை கிராண்ட் பிரீ நடந்தது. மற்ற நாளில் பஸ்ஸும் லாரியும் போகிற சாலை அது. நம் நாட்டில் 1968-இல் பத்து தீகாவில் பந்தயத் திடல் திறந்தார்கள். 1999-இல் செப்பாங்கில் திறந்தார்கள். செம்பனை நின்ற மண்ணில்தான் அந்தச் சாலையைப் போட்டார்கள். அந்த வட்டாரத்துத் தோட்டங்களில் பிறந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு வகைப் பந்தயமும் நமக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் மேலே போனால் நான் பொறுப்பில்லாத பேச்சாளன் ஆகிவிடுவேன். ராத்திரி பதினோரு மணிக்கு மேல், கப்சாய் மோட்டார் சைக்கிளின் புகைக்குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டு, வயிற்றைச் சீட்டில் படுக்க வைத்துக்கொண்டு பெரிய ரோட்டில் பறக்கிறார்களே, அது. அதில் கால் போனவன், உயிர் போனவன் யார் யார் என்று இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்குத் தெரியும். நியூமன் ஓட்டியது அந்த மாதிரி இல்லை. பந்தயத்துக்கு முன்னால் பயிற்சிப் பள்ளி உண்டு. தேறினால்தான் உரிமம். தலைக்கவசம், தீப்பிடிக்காத உடுப்பு, உடம்பைக் கட்டிப்போடும் வார், வளைவுக்கு வளைவு கொடியோடு ஆள், ஓரத்தில் தீயணைப்பு வண்டி, டாக்டர், அம்புலன்ஸ். எதிரில் கறிகாய் வாங்கிக்கொண்டு சைக்கிளில் வரும் பாட்டி கிடையாது. வேகம் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டையும் ஒன்றாக நினைக்காதீர்கள், தம்பிகளே.

சரி, அவர் கதைக்கு வருவோம். 1925-இல் ஓஹையோ மாநிலத்தில், கிளீவ்லாந்து நகரத்துப் பக்கம் பிறந்தார். அப்பா விளையாட்டுச் சாமான் கடை வைத்திருந்தார். இரண்டாம் உலகப் போர் நடந்தபோது கடற்படையில் சேர்ந்து விமானம் ஓட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டார். சோதித்துப் பார்த்ததில் அவர் கண்ணுக்குச் சில நிறங்கள் சரியாகப் பிரிந்து தெரியவில்லை. விமானி வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். விமானத்தின் பின்புறத்தில் வானொலிக் கருவியும் துப்பாக்கியும் பார்த்துக்கொள்ளும் வேலை கொடுத்தார்கள். போர் முடிந்து கல்லூரிக்குப் போனார். காற்பந்தில் சேர்ந்தார், அவர்கள் ஊர்க் காற்பந்து, கையால் பிடித்து ஓடுவது. ஒரு சண்டையில் மாட்டிக்கொண்டு, குழுவிலிருந்து நீக்கப்பட்டார். அதற்கப்புறம்தான் நாடகத்துக்குப் போனார். 1950-இல் அப்பா இறந்துபோனார். பையன் பெரிய பேர் எடுத்ததை அவர் பார்க்கவே இல்லை. அது நியூமன் மனசில் கடைசி வரை கிடந்தது.

சினிமாவில் பேரும் பணமும் வந்தன. அதைத் தாண்டிப் போகிறேன்.

1968-இல் ஒரு படத்துக்காக, ‘வின்னிங்’ என்று பேர், அடுத்த வருஷம் வெளிவந்தது, பந்தயக் காரோட்டியாக நடிக்க வேண்டி வந்தது. அதற்காகப் பயிற்சி எடுத்தார். படம் முடிந்தது. மற்ற நடிகர்கள் உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு அடுத்த படத்துக்குப் போவார்கள். இவருக்கு அந்த ஆசை விடவில்லை. 1972-இல் கனெக்டிகட் மாநிலத்தில் தாம்சன் என்ற சின்ன ஊரில், ஒரு லோட்டஸ் காரில், முதல் பந்தயம் ஓட்டினார். அப்போது வயது 47.

47 என்பது என்ன வயது? நம் தோட்டத்தில் 47 வயது ஆளைக் கேட்டுப் பாருங்கள். “இனிமே நமக்கென்ன, பிள்ளைங்க பொழப்பைப் பார்க்க வேண்டியதுதான்” என்பார். பந்தயக்காரர்கள் பெரும்பாலும் பத்து வயதிலேயே சின்னக் காரில் உட்கார்ந்துவிடுவார்கள், நாற்பதில் ஓய்வு பெற்றுவிடுவார்கள். எல்லோரும் வண்டியை விட்டு இறங்குகிற வயதில் இந்த மனுஷன் ஏறினார்.

பந்தயப் பதிவேட்டில் தம் பெயரை ‘பி. எல். நியூமன்’ என்று கொடுத்தார். பால் நியூமன் என்று போட்டால் பத்திரிகைக்காரன் வருவான், கூட்டம் வரும், காரைப் பார்க்காமல் முகத்தைப் பார்ப்பான். அதனால் முன் எழுத்துகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். அது அமெச்சூர் பந்தயம். நம் ஊரில் ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குத் தோட்டம் காற்பந்து ஆடுகிறோமே, அந்த மாதிரி. கணக்கர், கடைக்காரர், பல் டாக்டர், மெக்கானிக், இப்படிப்பட்டவர்கள் வாரக் கடைசியில் கார்களை இழுத்துக்கொண்டு வந்து கூடுவார்கள். ஜெயித்தால் ஒரு கோப்பை, ஒரு கொடி. பணப் பரிசு கிடையாது. கைக்காசுதான் போகும்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். “அவருகிட்ட காசு கொட்டிக் கெடந்துச்சு, ஓட்டினாரு. நமக்கு அதுல என்ன இருக்கு?” உண்மைதான், மறுக்கவில்லை. கார் பந்தயம் ஏழை ஆட்டமே இல்லை. நல்ல கார், நல்ல டயர், நல்ல மெக்கானிக் எல்லாம் அவருக்குக் கிடைத்தது. ஆனால் ஒன்று பாருங்கள். பணம் காரைத்தான் வாங்கித் தரும். வளைவை வாங்கித் தராது. வளைவுக்கு நூறு அடி முன்னால் எங்கே பிரேக்கை மிதிப்பது, எங்கே விடுவது, எந்தப் புல் நுனியைச் சக்கரம் தொட வேண்டும் என்பதைத் தானேதான் கற்க வேண்டும். தொடக்கத்தில் நியூமன் வேகமான ஓட்டுநர் இல்லை. சட்டென்று பிடித்துக்கொள்கிற ஆளும் இல்லை. அதை அவரே ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். பந்து, டென்னிஸ், பனிச்சறுக்கு என்று எதை எடுத்தாலும் உடம்பு இசைந்து வரவில்லை, கார் ஓட்டும்போதுதான் முதன்முதலாக அந்த நயத்தை உணர்ந்தேன் என்ற கருத்துப்படப் பேட்டிகளில் பேசியிருக்கிறார். உலகமே அழகன் என்று கொண்டாடிய ஆளுக்கு உள்ளுக்குள் இப்படி ஒரு குறை!

பால்மரம் வெட்டியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்கு இந்தக் கார் ஓட்டும் வித்தை என்னைவிட நன்றாகப் புரியும். கத்தி ஒரு மயிரிழை ஆழமாகப் போனால் மரத்தில் காயம். மேலோட்டமாகப் போனால் பால் இறங்காது. நேற்று சீவின கோட்டுக்குக் கீழே, அதே சாய்வில், அதே கனத்தில் பட்டையை எடுக்க வேண்டும். ஒரு மரத்துக்கு இல்லை, அன்றைக்கு உங்கள் நிரையில் நிற்கும் அத்தனை மரத்துக்கும். இருட்டிலே, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கொசுக்கடியில். முதல் நாள் கத்தி பிடித்தவன் மரத்தைக் குதறி வைப்பான். பத்து வருஷம் வெட்டின அம்மாவின் கோட்டைப் பார்த்தால் அச்சடித்த மாதிரி இருக்கும். பந்தயச் சாலையும் அப்படியே. ஒரே வளைவு, அதே இடம், அதே அளவு பிரேக், நாற்பது தடவை, ஐம்பது தடவை. வளைவுக்குள் கண்மண் தெரியாமல் பாய்கிறவன் வெளியே வரும்போது தடுமாறுவான். நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்து, பதமாகத் திருப்பி, உள்விளிம்பைத் தொட்டு, பிறகு மெல்ல மெல்ல அழுத்திக்கொண்டு வெளியேறுகிறவன்தான் அடுத்த நேர்ச் சாலையில் முந்துவான். காண்டா வாளி தூக்கினவர்களுக்குத் தெரியும், சட்டென்று நின்றால் பால் தளும்பும், சட்டென்று திரும்பினால் ஒரு பக்கம் இழுக்கும். காரின் கனமும் அப்படித்தான் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் சாயும். அதைத் தளும்பாமல் கொண்டுபோவதே கைப்பழக்கம்.

அந்தப் பழக்கம் வர நியூமனுக்கு நான்கு வருஷம் ஆயிற்று. 1976-இல் அமெரிக்க அமெச்சூர் ஓட்டுநர்களின் தேசியப் போட்டியில், டிரையம்ப் டி.ஆர்.6 காரில், தம் பிரிவில் முதலாவதாக வந்தார். வயது 51. 1979-இல் டட்சன் காரில் மறுபடியும் தேசிய முதலிடம். நம் ஊர் ரோடெல்லாம் டட்சன் 120ஒய் ஓடிக்கொண்டிருந்த காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அதே கம்பெனியின் பந்தயக் கார். பிறகு 1985-இலும் 1986-இலும் நிசான் காரில், இன்னும் வேகமான பிரிவில், இரண்டு தடவை. ஆக மொத்தம் நான்கு தேசியப் பட்டம். கடைசிப் பட்டத்தின்போது வயது 61. சிறந்த நடிகருக்கான ஆஸ்கார் விருது அதற்கு அடுத்த வருஷம்தான் கைக்கு வந்தது. கார் பட்டம் நான்கு வந்த பிறகு, நடிப்புக்கு ஒன்று!

1979-ஆம் ஆண்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

அந்த ஆண்டு ஜூன் மாதம் பிரான்சு நாட்டில் லெ மான் என்ற ஊரில் நடக்கும் 24 மணி நேரப் பந்தயத்தில் கலந்துகொண்டார். ஒரு காருக்கு மூன்று ஓட்டுநர்கள். மாற்றி மாற்றி, ராத்திரி பகலாக ஓட்ட வேண்டும். ஒரு சுற்று பதின்மூன்று கிலோமீட்டருக்கு மேல். ஜெர்மானியரான ரோல்ஃப் ஸ்டொம்மெலன், காரின் சொந்தக்காரரான அமெரிக்கர் டிக் பார்பர், இவர்களோடு நியூமன். கார் போர்ஷ 935. மழை கொட்டியது. முன்னால் போகிற கார் கிளப்பும் நீர்த்துளிப் புகையில் ஒன்றும் தெரியாது. அதிலே ராத்திரி ஓட்டம். நடுவில் சக்கரம் மாற்ற நிறுத்தியபோது ஒரு சக்கரத்தின் திருகு இறுகிப்போய்க் கழற்ற வரவில்லை. இருபது நிமிடத்துக்கு மேல் போராடினார்கள். 24 மணி நேரப் பந்தயத்தில் இருபது நிமிடம் என்றால் மலை மாதிரி. அப்படியிருந்தும் எல்லாக் கார்களிலும் இரண்டாவதாக வந்தார்கள். உலகத்தின் முழுநேரத் தொழில் ஓட்டுநர்கள் அத்தனை பேர் நடுவே 54 வயது அமெச்சூர் ஒருவர் இரண்டாம் இடத்து மேடையில் நின்றார். அங்கே படம் பிடிப்பவர்கள் அவரை மொய்த்த மொய்ப்பில் வெறுத்துப்போய், அந்தப் பந்தயத்துக்கு அவர் மறுபடியும் போகவே இல்லை.

பத்திரிகைகள் எழுதியது இவ்வளவுதான். இனிச் சொல்லப் போவதைப் பெற்றோர்கள் கேட்க வேண்டும்.

அதற்கு ஏழு மாதம் முன்பு, 1978 நவம்பரில், நியூமனின் ஒரே மகன் ஸ்காட் செத்துப்போனான். வயது 28. குடியும் மாத்திரையும் சேர்ந்து உயிரைக் கொண்டுபோயிற்று. நியூமனுக்கு ஐந்து பெண் பிள்ளைகள், ஒரே ஒரு பையன். பெரிய மனிதர் வீட்டுப் பிள்ளை என்ற பாரம் அவன் தோளில். தானும் நடிகனாக வேண்டும் என்று பார்த்தான், அப்பா பேர் எங்கே போனாலும் முன்னால் வந்து நின்றது. தகப்பனோ நல்ல குடிகாரராகவே பல வருஷம் இருந்தவர். அதையும் மறைக்க வேண்டாம். இறந்து பல ஆண்டு கழித்து, 2022-இல், அவருடைய வாழ்க்கைக் குறிப்புகள் புத்தகமாக வந்தன. உயிரோடு இருக்கும்போது ஒலிநாடாவில் மனம் விட்டுச் சொல்லி வைத்தவை. அதில் மகனைப் பற்றிப் பேசுகிற இடத்தில் ஊர் உலகத்தைக் குறை சொல்லவில்லை. தன்னைத்தான் குற்றம் சாட்டிக்கொள்கிறார். ஒரு காரின் சின்னச் சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்கிற மனுஷனுக்கு, சொந்தப் பிள்ளைக்குள் கேட்ட சத்தம் பிடிபடவில்லை.

இதை ஏன் இந்த மேடையில் சொல்கிறேன்? நம் லயத்திலும் தாமானிலும் இதே சத்தம் கேட்காமல் இல்லை. சம்சுவும் இருக்கிறது, மாத்திரையும் இருக்கிறது. அமெரிக்காவில் ஆகட்டும், இங்கே ஆகட்டும், பிள்ளை போன வீட்டில் அடுப்பு எரிவது ஒரே மாதிரிதான். நியூமன் என்ன செய்தார் என்றால், 1980-இல் மகன் பேரிலேயே ஓர் அமைப்பைத் தொடங்கினார். போதைப் பொருளைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் எடுத்துச் சொல்லும் வேலை அதற்கு. அதனால் ஸ்காட் திரும்பி வரவில்லை. அந்தத் துக்கம் தீர்ந்தது என்றும் நான் கதை கட்டிச் சொல்ல மாட்டேன்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிறிஸ்துமஸ் வந்தால், பச்சைக் கீரை காய்களின் மேல் ஊற்றிச் சாப்பிடும் ஒருவகைப் புளிப்புச் சாறு, சாலட் சாறு என்பார்கள், அதைத் தம் வீட்டு நிலவறையில் கலக்கிப் பாட்டிலில் ஊற்றி அக்கம்பக்கத்துக்கு அன்பளிப்பாகக் கொடுப்பது அவர் வழக்கம். கலக்குவதற்குப் படகுத் துடுப்பு! நாம் தீபாவளிக்கு முறுக்குச் சுட்டு அண்டை வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிற மாதிரிதான். 1982-இல் நண்பர் ஒருவரோடு சேர்ந்து விளையாட்டாக அதையே வியாபாரமாக்கினார். பாட்டிலின் மேல் அவர் முகத்தைப் போட்டார்கள். ஒரு நிபந்தனை வைத்தார். வரி போக மீதி லாபம் ஒரு காசு விடாமல் தருமத்துக்குப் போக வேண்டும். விளையாட்டாகத் தொடங்கியது, இதுவரை ஐம்பது கோடி டாலருக்கு மேல் கொடுத்திருக்கிறது. அவர் போன பிறகும் அந்தக் கம்பெனி அதே நிபந்தனையில் நடக்கிறது.

அந்தப் பணத்தில் ஒரு பகுதியை வைத்து 1988-இல் கனெக்டிகட்டில், ஆஷ்ஃபர்டு என்ற ஊரில், ஒரு முகாம் கட்டினார். புற்றுநோய், இரத்த நோய் போன்ற கடுமையான நோய் வந்த பிள்ளைகள் வந்து விளையாட. பழைய கௌபாய்ப் படத்தில் வரும் ஊர் மாதிரி மரவீடுகள், குதிரை, குளம், மீன் பிடிக்கத் தூண்டில். டாக்டரும் தாதியும் எப்போதும் உண்டு, ஆனால் ஆஸ்பத்திரி வாடையே வராதபடி அமைத்திருக்கிறார்கள். ஊசி போட்டுப் போட்டு முடி கொட்டிப்போன பிள்ளை அங்கே வந்தால், சுற்றிப் பார்க்கிற எல்லாப் பிள்ளைக்கும் அதே நிலைமை. அதனால் தொப்பியைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடும். பெற்றோரிடம் ஒரு காசு வாங்குவதில்லை. இன்றைக்குப் பல நாடுகளில் அந்த மாதிரி முகாம்கள் நடக்கின்றன.

ஆனால் பந்தயத் திடலில் அவரை நேசித்தவர்கள் இந்தத் தருமத்துக்காக நேசிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். அங்கே அவர் பி.எல். அவ்வளவுதான். தம் முறை வரும்வரை காத்திருந்தார். தோற்றால் தோற்றேன் என்றார். பிறர் கையெழுத்துக் கேட்டால் போடமாட்டார், கொஞ்சம் சிடுசிடுப்பும் உண்டு. ஆனால் எந்த வளைவில் யார் எப்படித் திரும்புகிறார்கள் என்று பாதி வயதுப் பையன்களிடம் போய்க் கேட்பார். இதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. ஊர் உலகம் கைதட்டுகிற ஒரு இடம் அவருக்கு ஏற்கெனவே இருந்தது. அதை விட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவராகக் கடைசி வரிசையில் போய் நின்றார். வாத்தியார் வேலை பார்ப்பவர்கள் சொல்வார்கள், வகுப்பிலே கையைத் தூக்கி “புரியல சார்” என்று சொல்லத்தான் தைரியம் அதிகம் வேண்டும்.

அவர் கார் எண்ணைப் பாருங்கள், பிள்ளைகளே, உங்களுக்குச் சிரிப்பு வரும். வயதான பிறகு தம் வயதையே காரில் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டார். 1995-இல் புளோரிடாவில் டேடோனா 24 மணி நேரப் பந்தயம். கார் எண் 70. வயதும் 70. மூன்று பேரோடு சேர்ந்து முஸ்டாங் காரில் தம் பிரிவில் முதலாவதாக வந்தார், மொத்தத்தில் மூன்றாவது. அவ்வளவு பெரிய பந்தயத்தில் ஜெயித்த குழுவில் அந்த வயதில் யாரும் இருந்ததில்லை என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறிற்று. எண்பதை எட்டியபோதும் அதே டேடோனாவில் ஓட்டினார். 82 வயதிலும் உள்ளூர்க் கிளப் பந்தயங்களில் ஓட்டினார், கார் எண் 82. 2007-இல் நடிப்பிலிருந்து ஓய்வு பெறுவதாக அறிவித்தார். காரிலிருந்து ஓய்வு பெறுவதாகச் சொல்லவில்லை!

அவர் வீட்டுக்கு அருகாமையில் என்று சொல்லத்தக்க பந்தயத் திடல் கனெக்டிகட்டில் லைம் ராக் என்ற இடத்தில் இருக்கிறது. புல்லும் மேடுமாக, சுற்றிலும் மரமாக, கிராமத்துக்கு நடுவே. ஞாயிற்றுக்கிழமை அங்கே பந்தயம் கிடையாது. தேவாலயத்துக்கு இடைஞ்சல் என்று ஊர்க்காரர்கள் வழக்குப் போட்டு, 1959-இலேயே கோர்ட்டில் தடை வாங்கிவிட்டார்கள். அந்த மரியாதை இன்றுவரை நடக்கிறது. 2008-இல் நியூமனுக்கு நுரையீரல் புற்றுநோய் முற்றியது. பல வருஷம் சிகரெட் பிடித்தவர். அந்த ஆகஸ்டு மாதம் அவரை லைம் ராக்கிற்கு அழைத்துவந்தார்கள். போட்டி இல்லை, கூட்டம் இல்லை, குடும்பமும் நண்பர்களும் மட்டும். மெலிந்துபோயிருந்த அவரைக் காரில் ஏற்றினார்கள். தம்முடைய கார்வெட்டில் சில சுற்றுகள் தாமே ஓட்டினார். பிறகு இறங்கி வீட்டுக்குப் போனார். அடுத்த மாதம் வெஸ்ட்போர்ட்டில், தம் சொந்த வீட்டில் உயிர் பிரிந்தது. மனைவி ஜோன் உட்வர்டோடு அவர் வாழ்ந்தது ஐம்பது வருஷம்.

பெற்றோர்களே, நம்மிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. பிள்ளை இரண்டாம் ஆண்டு படிக்கும்போதே, “இவனுக்குப் படிப்பு ஏறாதுங்க, அவ்வளவுதான்” என்று அவன் காதுபடச் சொல்லி முடித்துவிடுகிறோம். இடைநிலைப் பள்ளிக்குப் போய்ப் புகுமுக வகுப்பில் ஒரு வருஷம் உட்கார வேண்டி வந்தால், பிள்ளையைவிட நமக்குத்தான் வெட்கம் பிடுங்குகிறது. மற்றவன் முதல் படிவம் போய்விட்டான், நம் பிள்ளை ஒரு வருஷம் பின்தங்கிவிட்டான் என்று. ஒரு வருஷம்! அந்த மனுஷன் முப்பது வருஷம் பிந்தி வந்தார்.

நேரமாகிவிட்டது, தலைமையாசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். இன்னும் சற்று நேரத்தில் பரிசு கொடுக்கத் தொடங்குவார்கள். முதல் மாணவர், இரண்டாம் மாணவர் என்று கூப்பிடும்போது நீங்கள் எல்லோரும் நன்றாகக் கைதட்டுவீர்கள், அது எனக்குத் தெரியும். நிகழ்ச்சி நிரலைத் திருப்பிப் பாருங்கள். கடைசிப் பக்கத்தில், நன்றியுரைக்கு முன்னால், ‘நன்கு முன்னேறியவர்கள்’ என்று ஆறு பேர் பெயர் இருக்கிறது. அதற்குள் பாதிப் பேர் பலகாரத் தட்டுப் பக்கம் எழுந்து போய்விடுவது வழக்கம். இன்றைக்குத் தயவுசெய்து உட்கார்ந்திருங்கள். அந்த ஆறு பிள்ளைகளும் மேடைக்கு வரும்போது, கொட்டகைத் தகரம் அதிரும்படி ஒரு தடவை கைதட்டுங்கள். நானும் தட்டிவிட்டுத்தான் டீ குடிக்கப் போவேன்.